ஜக்சன் சொன்ன நீளச் சொற்கள்

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
9 பெப்ரவரி 2025

தங்கச்சி சுதர்ஷிகாவுக்கு,

உன்ர அக்கா மெற்றில்டா எழுதுறது. உன்னோட இனிக் கதை இல்லை எண்டு நத்தார்ப் பூசையில அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால சொன்னனான், சொன்னது சொன்னதுதான். உன்ர நம்பரையும் போனில புளொக் பண்ணியாச்சு. ஆனா கடிதம் எழுதுறது கதைக்கிறதில்லை. பங்குச் சுவாமியிட்டயும் கேட்டனான். அவர் சிரிச்சுப்போட்டுப் போயிட்டார். சிரிச்சால் ஓம் எண்டுதானே அர்த்தம்.

நாங்கள் சுகம். அத்தானுக்குத்தான் முழங்கால் நோ. துறைமுகத்தில கப்பல் இழுக்கிற போட்டில ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்த வினை. உனக்கு உடம்பு எப்பிடி? கிளிவெட்டிக் குவாட்டஸில தண்ணி ஒழுங்கா வருதோ? சமைச்சுச் சாப்பிடுறியோ, இல்லாட்டி கிளினிக்கில பிள்ளைத்தாச்சியளுக்குக் குடுக்கிற சத்துமாவைக் கரைச்சுக் குடிச்சுப்போட்டுப் படுக்கிறியோ? ஊருக்கெல்லாம் சத்துணவு சொல்லுற மிட்வைப், தான் மட்டும் எலும்பும் தோலும்.

இனி விஷயத்துக்கு வாறன். நான் பாத்த மாப்பிள்ளை, பாங்கில வேலை, கண்ணுக்கு முன்னால இருக்கிறவன். அவனை வேண்டாம் எண்டுபோட்டு அவுஸ்திரேலியாவில இருக்கிற ஜக்சனைத்தான் கட்டுவன் எண்டு நிக்கிறாய். ஆரடி இந்த ஜக்சன்? இறக்கக்கண்டிப் பொடியன், கடல்தொழில் குடும்பம், போட்டில களவாப் போனவன் எண்டதுக்கு மேல எனக்கு ஒண்டும் தெரியாது. சிநேகிதி ஒருத்தி போனில அறிமுகப்படுத்தினவளாம், ஒரு வருசமாக் கதைக்கிறியளாம். முகத்தை நேர காணாத மனுசனோட ஒரு வருசம் என்னத்தைக் கதைக்கிறது?

வெளிநாட்டு மாப்பிள்ளை எண்டால் வந்து, கோயில்ல தாலி கட்டி, கூட்டிக்கொண்டு போறதுதான் நான் கண்டது. இவன் ஏன் வாறானில்லை? ஏன் உன்னை மாணவி விசாவில 'படிக்க வா' எண்டு கூப்பிடுறான்? அங்க என்ன வேலை? எனக்கு இது நேரா இருக்கிற மாதிரித் தெரியேல்ல.

மறுமொழி போடு. கவரை நல்லா ஒட்டு. உங்கட தபால்காரன் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு எனக்குத் தெரியாது.

கோவத்தோட,
அக்கா


கிளிவெட்டி.
20 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கண்டு சிரிச்சனான், பிறகு அழுதனான். நான் சுகம். தண்ணி வருது, சமைக்கிறன், நேற்றுக்கூட மீன் சொதி. அத்தானுக்கு முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிடுங்கோ. ஏறி இறங்குறதுக்கு வேற ஆளை விடச் சொல்லுங்கோ. தபால்காரன் நல்ல மனுசன், அவற்ர மருமகளுக்கு நான்தான் பிரசவம் பாத்தனான்.

ஜக்சன் வயசு போன ஆக்களைப் பராமரிக்கிற இடத்தில வேலை செய்யிறார். லீவு எடுக்கிறது சரியான கஷ்டமாம், அதுதான் வரேல்ல. நானும் அங்க முதியோர் பராமரிப்புப் படிக்கப் போறன். படிச்சால் எனக்கும் ஒரு தொழில் இருக்கும்தானே. கலியாணத்தை அங்க கோயில்ல வைப்பம். இதில என்ன கோணல் இருக்கு அக்கா?

எனக்கு இப்ப உள்ள தலையிடி வேற. ஜூன் மாதம் கொழும்பில இங்கிலிஷ் சோதினை. வாசிப்பு, எழுத்து எல்லாம் சமாளிப்பன். பேச்சுத்தான் பயம். நீளச் சொல் வந்தால் நடுவில விழுந்து எழும்ப ஏலாமல் கிடக்கிறன். ஜக்சன் சொல்லுகளைத் துண்டு துண்டா வெட்டி, கை தட்டி, தன்ர குரலில பதிஞ்சு அனுப்புறார். கேக்கிறபோது விளங்குது. நான் திருப்பிச் சொன்னால் பிழைக்குது. எந்தத் துண்டை அழுத்துறது எண்டு பிடிபடுதில்லை.

நீங்கள் இருபது வருசமா இங்கிலிஷ் படிப்பிக்கிறனீங்கள். சொல்லித் தரமாட்டியளோ? அவற்ர குரல் உள்ள சின்னச் சிப் ஒண்டு கவருக்குள்ள வைச்சிருக்கிறன், அத்தான்ர போனில போட்டுக் கேளுங்கோ. கோவத்தோடயே சொல்லித் தாங்கோ, பரவாயில்லை.

உங்கட தங்கச்சி,
சுதர்ஷிகா


திருகோணமலை.
3 மார்ச் 2025

தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம், உன்ர சுகத்துக்கும் ஒரு மெழுகுதிரி கொழுத்தினன். எண்ணெய் பூசியாச்சு, அத்தான் நாய்க்குட்டி மாதிரிக் கத்துறார்.

முதல்ல துண்டு போடுறது. கையை நாடிக்குக் கீழ, தாடையில முட்ட வைச்சுக்கொண்டு சொல்லைச் சொல்லு. நாடி எத்தினை தரம் இறங்கிக் கையில இடிக்குதோ அத்தினை துண்டு. அக்கொமடேஷன். அ, கொ, ம, டே, ஷன். அஞ்சு. இனி அழுத்தம். தமிழில நாங்கள் எல்லாத் துண்டையும் ஒரே அளவா வைச்சுத்தான் சொல்லுறது, அதுதான் உனக்குப் பிழைக்குது. இங்கிலிஷில ஒரு துண்டை உரத்து, கொஞ்சம் இழுத்து, மற்றதுகளை அமத்திப்போட்டுப் போகவேணும். எது எண்டு தெரியாட்டி, தெருவில தூரத்தில போற ஆரையோ கூப்பிடுற மாதிரி அந்தச் சொல்லைக் கத்திப் பார். குரல் தானா எங்க நீளுதோ அங்கதான் அழுத்தம். 'ஷன்' எண்டு முடிஞ்சால் யோசிக்கவே தேவையில்லை, அதுக்கு முதல் துண்டு. அக்கொமடேஷனில 'டே', டிடர்மினேஷனில 'னே'. கண்ணை மூடிக்கொண்டு அழுத்து.

இப்ப உன்ர ஆளுக்கு வாறன். குசினிக்க சமைச்சுக்கொண்டு நிண்டு நாலஞ்சு தரம் கேட்டுப்போட்டன். நீளச் சொல் எல்லாம் அச்சொட்டா வெள்ளைக்காரன்தான். எலிஜிபிலிற்றி எண்டுறான், ஐடென்ரிபிகேஷன் எண்டுறான், ஒரு இடத்திலயும் இடறுப்படேல்ல. எனக்கே பொறாமையாக் கிடந்தது. ஆனா இடையில உன்னோட பகிடி விடுறான் பார், அங்க கேள். 'கபெட்' எண்டு வரவேண்டியதை 'கப்போட்' எண்டுறான். மரக்கறியைச் சொல்லேக்க 'வெஜிரேபிள்' எண்டு 'ரே'யில அழுத்துறான். ஹொட்டல் எண்டு முதல் துண்டிலயே அழுத்தம். அசல் இறக்கக்கண்டி!

ஒரு நாட்டில போய் இருக்கிறவனுக்கு முதல் வாய்க்கு வாறது சந்தைச் சொல்லும் குசினிச் சொல்லும்தான். கடையில நிண்டு வாங்கிறவனுக்கு மரக்கறி வரும், பிறகுதான் மற்றது வரும். இவனுக்குத் தலைகீழா வந்திருக்கு. இவன் என்ன கந்தோருக்குள்ள பைலுகளோட பிறந்து வளந்தவனோ?

இன்னொண்டு. 'ரெம்பரரி' எண்ட சொல்லைக் கேட்டியோ? புத்தகத்தில உள்ள மாதிரி நாலு துண்டாச் சொல்லேல்ல. நடுத்துண்டை விழுங்கிப்போட்டு, எச்சில் விழுங்கிற மாதிரிச் சொல்லுறான். ஆயிரம் தரம் சொன்னவன்தான் அப்பிடிச் சொல்லுவான். ஒரு மனுசனுக்கு 'தற்காலிகம்' எண்ட சொல் ஏன் ஆயிரம் தரம் தேவைப்பட்டது? ஆரிட்ட இங்கிலிஷ் படிச்சவன் எண்டு கேட்டு எழுது. கேட்டுப்போட்டுச் சும்மா இருக்காத, எழுது.

அக்கா


கிளிவெட்டி.
17 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

சுகம். நீங்கள் எல்லாரும் சுகமா இருக்கக் கடவுள் துணை. பஸ்ஸில நாடிக்குக் கை குடுத்துக்கொண்டு முணுமுணுத்தன், பக்கத்தில இருந்த அம்மா பல்லுக்கொதியோ பிள்ளை எண்டு கிராம்பு தந்தவ. ஆனா உங்கட வழி நல்ல வழி. 'ஷன்' சொல்லுகள் இப்ப பிழைக்கிறதே இல்லை.

கேட்டனான். ஒரு ரீச்சரிட்டப் படிச்சவராம். போதுமோ? ஆரிட்டப் படிச்சால் என்ன அக்கா. எனக்கு அவரைத் தெரியும். உங்களுக்கு அவற்ர குரலில பிழை பிடிக்கத்தான் தெரியும்.

இறக்கக்கண்டிக்குப் போய் விசாரிக்கிற யோசனை ஏதும் உங்களிட்ட இருந்தால் விட்டிடுங்கோ. அவற்ர அம்மா மரியம்மா தனிய இருக்கிறா, வருத்தக்காரி. கெஞ்சிக் கேக்கிறன்.

சுதர்ஷிகா


திருகோணமலை.
22 ஏப்ரல் 2025

தங்கச்சிக்கு,

பாஸ்கா நல்லா முடிஞ்சுது. நீ வரேல்ல. ஆர் கேட்டாலும் டியூட்டி எண்டு சொன்னன். சுகமோ? ஒரு மாதமா உன்ர எழுத்தைக் காணேல்ல.

போகாத எண்டு நீ எழுதாட்டி நான் போயிருக்க மாட்டன். எழுதினபடியால்தான் போனனான். பெரிய கிழமையில, மீன் வாங்கிற சாட்டில. பொம்பிளை வீட்டார் போய் அக்கம்பக்கம் விசாரிக்காமல் எந்தக் கலியாணம் நடந்தது? அப்பா இருந்திருந்தால் அவர் போயிருப்பார். இப்ப நான்தான் உனக்கு அப்பாவும் அம்மாவும்.

மரியம்மா நல்ல மனுசி, ஒண்டும் சொல்லுறதுக்கில்லை. கதிரை போட்டு இருத்தி, பால்தேத்தண்ணி தந்தவ. மகன் அங்க சிட்டிசனாம், பெரிய உத்தியோகமாம், மாதம் பிசகாமல் காசு அனுப்புறானாம். சந்தோசம். ஆனா போய்ப் பன்னிரண்டு வருசத்துக்கு மேல, ஒருக்காக்கூட வரேல்ல! தேப்பன் செத்தது மூண்டு வருசத்துக்கு முன்ன. மூத்த மகன் இல்லாமல் பெட்டியைத் தூக்கினவையாம். சிட்டிசன் எண்டால் அடுத்த பிளேனில ஏறி வரலாம்தானே. லீவு இல்லையாம், லீவு! தேப்பன்ர செத்தவீட்டுக்கு லீவு குடாத தேசம் எங்க இருக்கு?

எனக்கு அந்த இடத்திலயே விளங்கிப்போச்சு. அங்க ஒருத்தி இருக்கிறாள். பொஞ்சாதி. அவள் விடமாட்டாள். உனக்குச் சொன்ன ரீச்சரும் அவளாத்தான் இருக்கும். நீளச் சொல்லெல்லாம் அவளிட்டப் படிச்சது. இவன் உன்னைப் பேய்க்காட்டுறான் சுதர்ஷிகா.

மரியம்மாவிட்டயும் அதைச் சொன்னன். மறைச்சு என்ன செய்யிறது? மனுசி சீலைத் தலைப்பால கண்ணைத் துடைச்சா. எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனா என்ர தங்கச்சிதான் எனக்குப் பெரிசு.

அக்கா


கிளிவெட்டி.
2 மே 2025

அக்காவுக்கு,

சுகம். நீங்கள் செய்துபோட்டு வந்தது என்னெண்டு உங்களுக்குத் தெரியாது. மரியம்மா மாமி அவரோட போனில கதைக்கிறதை நிப்பாட்டிப்போட்டா. "எனக்கு மருமகளும் பேரப்பிள்ளையளும் இருக்கோ, உண்மையைச் சொல்லு" எண்டு கேட்டு அழுதவவாம். அவருக்குப் பொஞ்சாதி இல்லை. இதுக்கு மேல எழுத எனக்கு ஏலாது. ஏன் ஏலாது எண்டும் எழுத ஏலாது.

சோதினை ஜூன் 14. அது முடியுமட்டும் என்னை விடுங்கோ.

'ரெஸ்பொன்சிபிலிற்றி'யில அழுத்தம் எங்க? அவரிட்ட இப்ப இதெல்லாம் கேக்க மனம் வருதில்லை.

சுதர்ஷிகா


உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
8 மே 2025

ஜக்சன் தம்பிக்கு,

இந்தக் கடிதம் உங்களைச் சுகத்தோட காணட்டும். நான் சுதர்ஷிகாவின்ர அக்கா. உங்கட விலாசத்தை இறக்கக்கண்டியில வாங்கினனான். போனில கேக்கலாம். ஆனா போனில சனம் பொய் சொல்லுறது சுகம். கையால எழுதேக்க கொஞ்சமாவது கூசும்.

உங்கட குரலைக் கேட்டனான். மரக்கறி வாங்கத் தெரியாத வாய்க்கு 'எலிஜிபிலிற்றி' எங்கயிருந்து வந்தது? 'ரெம்பரரி' எண்டு ஆருக்கு ஆயிரம் தரம் சொன்னனீங்கள்? தேப்பன்ர செத்தவீட்டுக்கு ஏன் வரேல்ல? அங்க குடும்பம் இருக்கோ இல்லையோ? நாங்கள் தாய் தேப்பன் இல்லாத ரெண்டு பொம்பிளையள் எண்டு நினைச்சு விளையாட வேண்டாம்.

ஜூன் முடியுமட்டும் பாப்பன். மறுமொழி வராட்டி நான் சும்மா இருக்க மாட்டன்.

மெற்றில்டா


திருகோணமலை.
12 ஜூலை 2025

அன்பின் தங்கச்சிக்கு,

பேச்சில நல்ல புள்ளி எடுத்திட்டாய் எண்டு உன்ர சிநேகிதி கோயில்ல சொன்னாள். எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. கேக் வாங்கிக்கொண்டு வரவேணும் போல கிடந்தது, பிறகு விட்டிட்டன். 'ரெஸ்பொன்சிபிலிற்றி'யில அழுத்தம் 'பி'யில எண்டு நான் எழுதினது நேரத்துக்குக் கிடைச்சுதோ? 'இற்றி' எண்டு முடிஞ்சால் கடைசியில இருந்து மூண்டாம் துண்டு. மறந்துபோகாத, அங்க போனாலும் உதவும்.

விசாவுக்கும் போட்டிட்டியாம். நீ சொல்லேல்ல, சனம் சொல்லுது.

உன்ர ஆளுக்கு நான் எழுதினனான். உனக்குச் சொல்லேல்ல. ரெண்டு மாதமாச்சு, ஒரு வரி இல்லை. குற்றம் இல்லாதவன் எண்டால் அடுத்த தபாலிலயே எழுதியிருப்பான். இனி எனக்குச் சந்தேகம் இல்லை. நான் செய்ய வேண்டியதைச் செய்துபோட்டன். என்னெண்டு கேக்காத. கொஞ்ச நாள் என்னில கோவிப்பாய். பிறகு ஒருநாள் கையெடுத்துக் கும்பிடுவாய்.

உடம்பைப் பார்.

அக்கா


மெல்பேர்ண்.
11 ஜூன் 2025

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கட கடிதம் நேற்றுத்தான் கிடைச்சுது. எல்லாரும் சுகம் எண்டு நம்புறன். அத்தான்ர முழங்கால் பற்றிச் சுதர்ஷிகா சொன்னவ. நான் சுகம்.

எனக்கு இங்க குடும்பம் இல்லை அக்கா. பொஞ்சாதி இல்லை, பிள்ளை இல்லை. எனக்கு இருக்கிறது ஒரு தற்காலிக விசா. ஆறு மாதத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிறது. இந்த நாட்டை விட்டு ஒருக்கா வெளிக்கிட்டால் திரும்ப உள்ள வர விடமாட்டினம். என்ர வழக்கு இன்னும் முடியேல்ல. அப்பாவின்ர செத்தவீட்டைப் போனில பாத்தனான். பெட்டியை இறக்கிற நேரம் போன் சார்ஜ் போச்சுது.

போட்டில வந்த எங்களை முதல் ஒரு தீவில முகாமில வைச்சிருந்தவை. நாலு வருசம். அங்க சந்தை இல்லை, குசினி இல்லை, சாப்பாடு தட்டில வரும். அப்ப மரக்கறிக்குச் சொல் என்னத்துக்கு? எங்களுக்கு வந்ததெல்லாம் கந்தோர்க் கடிதம். ஒவ்வொரு கடிதத்திலயும் கை நீளத்துக்கு ஒரு சொல். விசாரணையில அந்தச் சொல்லைப் பிழையாச் சொன்னால் எதிரில இருக்கிறவைக்கு விளங்காது, விளங்காட்டி எழுதமாட்டினம். கிழமைக்கு ஒருக்கா ஒரு வயசான ரீச்சர் வருவா. அவதான் துண்டு போடச் சொல்லித் தந்தவ. ஒரு சொல்லை எடுத்து, கட்டிலில இருந்து நாப்பது ஆம்பிளையள் கை தட்டுவம். அழுத்தம் வாற இடத்தில மட்டும் காலால நிலத்தில அடிப்பம். வேற வேலை என்ன இருந்தது? நீங்கள் கேட்ட அந்த 'ரெம்பரரி'யைத் துண்டு போட ஆரும் சொல்லித் தரேல்ல. அது என்ர விசாவின்ர பேர். ஒவ்வொரு கந்தோர் யன்னலிலயும் நிண்டு அதைத்தான் சொல்லுறன்.

சுதர்ஷிகாவுக்கு எல்லாத்தையும் முதல் மாதமே சொன்னனான். அவ படிச்சு, அந்தத் தொழிலுக்கு இங்க நிரந்தரமா இருக்க விட்டால், பிறகு எனக்கும் ஒரு வழி பிறக்கலாம் எண்டு வக்கீல் சொன்னவர். நான் அவவைக் கூப்பிடேல்ல அக்கா. அவதான் என்னைத் தாங்க வாறா. உங்களுக்குத் தெரிஞ்சால் விடமாட்டியள் எண்டு மறைச்சது அவ.

நான் பொய் சொன்னது அம்மாவுக்கு மட்டும்தான். போட்டையும் வலையையும் வித்து என்னை அனுப்பினவை. அவைக்கு நான் எப்பிடி இதைச் சொல்லுறது? நீங்கள் போய் வந்த நாளில இருந்து அம்மா என்னோட கதைக்கிறா இல்லை. உங்களில கோவம் இல்லை. தங்கச்சிக்காகக் கேட்டனீங்கள், எனக்கு ஒரு தங்கச்சி இருந்தால் நானும் கேட்டிருப்பன்.

அன்புடன்,
ஜக்சன்


கிளிவெட்டி.
25 ஓகஸ்ட் 2025

அக்காவுக்கு,

சுகமோ? எனக்குக் காய்ச்சல் வந்து மாறிட்டுது.

விசா இல்லை எண்டு மறுமொழி வந்திட்டுது.

அதுக்கு முதல் விசாக் கந்தோரில இருந்து ஒரு அம்மா போனில கூப்பிட்டுக் கேள்வி கேட்டவ. நான் பயப்படேல்ல. அக்கொமடேஷன், குவாலிபிகேஷன், எல்லாம் சரியாச் சொன்னனான், அழுத்தமும் சரி. அவவே உங்கட இங்கிலிஷ் நல்லா இருக்கு எண்டவ. பிறகு கேட்டா, உண்மையில படிக்கத்தான் வாறியளோ, இல்லாட்டி ஒரு ஆளிட்ட வாறியளோ எண்டு. ஜக்சன்ர முழுப் பேரையும் சொன்னா. அவருக்கு அங்க மனைவி இருக்கிறது உங்களுக்குத் தெரியுமோ எண்டும் கேட்டா. பேர் போடாத கடிதம் ஒண்டு வந்திருக்காம். அந்த இடத்தில எனக்கு ஒரு சின்னச் சொல்லும் வரேல்ல. அவரையும் கூப்பிட்டு விசாரிச்சிருக்கினம். வழக்குக்கு அது கூடாதாம்.

ஆர் மொட்டைக் கடிதம் போட்டது எண்டு முதல் நாள் முழுக்க யோசிச்சன். நான் வேண்டாம் எண்ட பாங்க்காரனோ, அவன்ர தாயோ, கிளினிக்கில எனக்கு ஆகாதவளோ எண்டு ஒவ்வொருத்தரா நினைச்சுப் பாத்தன். பிறகு விளங்கிச்சுது. ஜக்சனுக்குப் பொஞ்சாதி இருக்கு எண்டு இந்த உலகத்தில நினைச்சது ஒரே ஒரு ஆள்.

அக்கா, நீங்களோ?

சுதர்ஷிகா


திருகோணமலை.
29 ஓகஸ்ட் 2025

என்ர தங்கச்சிக்கு,

ஓம். நான்தான்.

ஜூலை முதல் கிழமை எழுதினது. பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு விண்ணப்பக் கடிதம் படிப்பிக்கிற கையால, பேர் போடாமல், நல்ல இங்கிலிஷில எழுதினனான். மொட்டைக் கடிதம் எங்கட ஊரில ஒரு கலியாணம் குழப்பத்தான் போடுறது, பிறகு எல்லாரும் மறந்திடுவினம். நானும் அவ்வளவுதான் நினைச்சனான். நீ போகாமல் நிண்டால் காணும், பிறகு மெல்ல ஆறுவாய் எண்டு. அது உன்ர பேருக்கு முன்னால ஒட்டிக்கொண்டு நிக்கும் எண்டு அந்தோனியாராணை எனக்குத் தெரியாது.

அவன்ர கடிதம் ஜூலை இருபத்தெட்டிலதான் வந்து சேந்தது. மேல பாத்தால் ஜூன் பதினொண்டு எண்டு போட்டிருக்கு. நான் மொட்டைக் கடிதம் எழுத முதலே அவன் எழுதிப்போட்டான். குசினி நிலத்தில இருந்து குழறினனான் சுதர்ஷிகா. அத்தான் பயந்து போனார். அண்டைக்கே என்ர பேர், விலாசம், பள்ளிக்கூடம் எல்லாம் போட்டு, முதல் எழுதினது நான், அது முழுப் பொய் எண்டு விசாக் கந்தோருக்கு எழுதினன். பேர் போடாததை நம்பினவை, பேர் போட்டதைப் பாத்தவையோ தெரியாது.

நீ ஏன் எனக்குச் சொல்லேல்ல எண்டு கேக்க வாய் உன்னுது. ஆனா ஏன் எண்டு தெரியும். சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டன்.

எனக்கு என்ன தண்டனை எண்டாலும் தா. வீட்டுக்கு வா. அடிக்கிறதெண்டால் வந்து அடி. உன்னை வளத்த கை, அதுக்குப் புத்தி இல்லாமல் போச்சுது.

அக்கா


இறக்கக்கண்டி.
19 ஒக்டோபர் 2025

அக்காவுக்கு,

நீங்கள் எழுதின கடிதம் எல்லாம் கிடைச்சுது. சுகமா இருக்கிறன். அத்தானையும் கேட்டதாச் சொல்லுங்கோ.

இடமாற்றம் எடுத்து நிலாவெளிக் கிளினிக்குக்கு வந்திட்டன். இறக்கக்கண்டியில மாமியோட இருக்கிறன். ஜக்சன் சொல்லச் சொல்லி, எல்லாத்தையும் மாமிக்கு நான்தான் சொன்னனான். சிட்டிசன் இல்லை, பெரிய உத்தியோகம் இல்லை, வர ஏலாது எண்டு. அழுதா. பிறகு, "அப்ப என்ர பிள்ளை வேணுமெண்டு வராமல் இருக்கேல்ல" எண்டு சொல்லி எழும்பி முகம் கழுவினா. அண்டைக்கே அவரோட கதைச்சவ. இப்ப ரெண்டு பேரும் ஒவ்வொரு நாளும் கதைக்கினம், எனக்குத்தான் போன் கிடைக்கிறதில்லை.

திரும்ப விண்ணப்பிக்கலாமாம். எத்தினை வருசம் செல்லுமெண்டு வக்கீலுக்கும் தெரியாது. அதுமட்டும் அவருக்கு இங்க வர ஏலாது, எனக்கு அங்க போக ஏலாது. அதுதான் அவர் இருக்கவேண்டிய வீட்டில நான் இருக்கிறன். இன்னும் கலியாணம் முடியேல்ல எண்டு சனம் கதைக்குது. கதைக்கட்டும்.

போன ஞாயிறு நீங்கள் மீன் கூடையோட வந்து படலையில நிண்டதைக் கண்டனான். கன நேரம் நிண்டனீங்கள். மாமி உங்களை உள்ள கூப்பிடச் சொன்னவ, தேத்தண்ணிக்குத் தண்ணியும் வைச்சவ. கதவைச் சாத்தினது நான். மாமி எண்டு நினைச்சு அவவைச் சந்தேகப்படாதேங்கோ.

சுதர்ஷிகா